பின்சீற்றில் இருந்து பார்க்கிற ஊசி

எங்கள் மோட்டார் சைக்கிளில் ஹாண்டிலும் பிரேக்கும் என்னுடையவை. மீற்றர் என் மனிசியுடையது. இதைப் பகிடிக்குச் சொல்லவில்லை. நான் வண்டியைக் காதால் ஓடுகிறவன். பதினாறு வயதில் இருந்து வள்ளத்தில் எஞ்சின் பிடித்துப் பழகியவனுக்குச் சத்தத்தைக் கேட்டாலே வேகம் தெரிந்துவிடும். குனிந்து ஊசியைப் பார்க்க வேண்டிய தேவை எனக்கு இருந்ததில்லை. பின்சீற்றில் இருக்கிறவதான் பார்ப்பா. என் இடது தோளுக்கு மேலால் எட்டி, ஊசி எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே வருவா. முப்பதுக்குக் கிட்ட வந்தால் இன்னும் கொஞ்சம் எட்டுவா. அப்போது அவவுடைய ஹெல்மெற் என் ஹெல்மெற்றில் ‘டொக்’ என்று முட்டும். எங்கள் வண்டியில் மூன்றாவது பிரேக் அதுதான்.

மூன்று வருசத்துக்கு முந்தி அப்படி ஒரு ஊசி இருப்பதே அவவுக்குத் தெரியாது. எங்கள் ஊர் பேசாலையில் இருந்து மன்னார் டவுன் மட்டும் பின்னால் இருந்து கதைத்துக்கொண்டே வருவா. ஒருநாள், சோளகக் காற்று றோட்டெல்லாம் மணலை அள்ளிப் போட்டிருந்த காலம், தோட்டவெளிக்குக் கிட்டப் பற்றைக்குள் இருந்து ஒரு கழுதை ஆறுதலாக ஏறி வந்து நடு றோட்டில் நின்றது. எங்கள் தீவில் கழுதைகளுக்கு எந்தச் சட்டமும் இல்லை. நான் பிரேக் பிடிக்க, சில்லு மணலில் இழுக்க, இரண்டு பேரும் விழுந்தோம். எனக்கு முழங்காலில் தோல் போனது. அவவுக்கு இடது கை மணிக்கட்டு முறிந்து, உள்ளே தகடு வைக்க வேண்டி வந்தது. கழுதை எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தன்பாட்டில் போய்விட்டது.

கை பொருந்தின பிறகும் அவ வண்டியில் ஏறவில்லை. நானும் கேட்கவில்லை. விழுத்தினவன் எந்த முகத்தோடு கேட்கிறது. எங்கே போனாலும் பஸ்தான். ஆனால் அந்தக் கையால் பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடிக்க ஏலாது. சீற் கிடைக்காத நாளில் வீட்டுக்கு வந்து கையைச் சுடுதண்ணீரில் வைத்துக்கொண்டு இருப்பா.

அப்படி இருக்கும்போதுதான், டவுனில், உப்புக்குளத்தில் குடும்பமாக இருக்கிற எங்கள் மகளுக்கு, கலியாணம் முடித்து ஆறு வருசத்துக்குப் பிறகு ஆண்டவர் வயிற்றில் ஒரு பிள்ளையைக் கொடுத்தார். கொடுத்த கையோடு ஒரு பயமும் வந்தது. பிள்ளை தங்க வேண்டுமென்றால் படுத்தே இருக்க வேண்டும், பானை சட்டி தூக்கக்கூடாது என்று ஆசுப்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். மருமகன் விடியவே வேலைக்குப் போகிறவர். புதனும் சனியும் தாய் போனால்தான் இரண்டு மூன்று நாளுக்கான கறியும், தோய்த்த உடுப்பும், பின்னின தலையும். மீனும் தேங்காயும் கொண்ட பையோடு பஸ்ஸில் ஒற்றைக் கையால் எத்தனை நாளுக்குத் தொங்குகிறது.

ஒரு பின்னேரம், வீட்டுச் செபம் சொல்லி முடிந்து நான் எழும்பப் போக அவ கேட்டா.

“உங்கட வண்டி என்ன வேகத்தில போகுதெண்டு எதில பாக்கிறது?”

“மீற்றரில. அதில ஒரு ஊசி இருக்கு.”

“அண்டைக்கு விழேக்க ஊசி எவ்வளவில நிண்டது?”

“நான் ஊசியைப் பாக்கிறேல்லை.”

“அதுதான் விழுந்தனாங்கள்.” மாதா சுரூபத்தைக் காட்டினா. “ஊசி முப்பதைத் தாண்டாது எண்டு இதில வைச்சுச் சொல்லுங்கோ. நான் ஏறுறன்.”

“முப்பதிலயோ? சைக்கிள்காரனும் முந்திக்கொண்டு போவான்.”

“போகட்டும். அவனுக்கு என்ன அவசரமோ.”

சொன்னேன். எரிகிற மெழுகுதிரிக்கு முன்னால், மாதாவைப் பார்த்து, ஊசி முப்பதைத் தாண்டாது என்று வாக்குக் கொடுத்தேன். எட்டாம் வகுப்போடு கடலுக்குப் போனவன் நான். என்னிடம் கொடுக்கிறதற்கு வாக்கைத் தவிரப் பெரிதாக ஒன்றும் இருந்ததில்லை. இப்போது வலைக்கயிறும் தூண்டிலும் விற்கிற சின்னக் கடையை வைத்திருக்கிறதும் வாக்கை நம்பிச் சாமான் தருகிற ஆட்களால்தான்.

அன்றிலிருந்து பின்சீற்றில் கதை நின்றது, செபமாலை தொடங்கினது. வலது கையால் என் சட்டையைப் பிடித்து, அதே விரல்களுக்குள் செபமாலை மணியை உருட்டிக்கொண்டு வருவா. நானும் செபத்துக்கு மறுமொழி சொல்லப் பார்த்தேன். விடவில்லை.

“நீங்கள் கழுதையைப் பாருங்கோ. மாதாவை நான் பாத்துக்கொள்ளுறன்.”

இனி கேபிளுக்கு வருகிறேன். ஊசி சொல்வது உண்மையாக இருக்க வேண்டுமென்றால் கேபிள் சுகமாக இருக்க வேண்டும். முன்சில்லின் நடுவில் ஒரு சின்னப் பல்லுச்சில்லு இருக்கிறது. சில்லு சுற்ற அது சுற்றும். அதில் இருந்து ஒரு மெல்லிய முறுக்குக் கம்பி, கறுப்புக் குழாய்க்குள்ளால் மேலே போய் மீற்றரைச் சுற்றும். அவ்வளவுதான். ஆனால் எங்கள் ஊரில் உப்புக்காற்றும் மணலும் போகாத இடமில்லை. அலுமாரிக்குள் மடித்து வைத்த வேட்டிக்குள்ளேயே மணல் இருக்கும். குழாய்க்குள் போகாமல் விடுமா. உள்கம்பி காய்ந்து இறுகினால் முதலில் ஊசி நடுங்கும். பதினைந்துக்கும் முப்பத்தைந்துக்கும் பாயும். அப்போதெல்லாம் பின்னால் இருந்து சத்தம் வரும். “இஞ்சேருங்கோ, ஊசிக்குக் காய்ச்சல் போல.”

அதனால் மாத முதல் வெள்ளி காலைப் பூசை முடிந்து வந்து, கடை திறக்க முதல், முருங்கைக்குக் கீழே வண்டியை விட்டு கேபிளைப் பார்ப்பேன். மீற்றருக்குக் கீழே உள்ள நட்டைக் கையாலேயே திருகலாம். திருகிவிட்டு உள்கம்பியை மெல்ல இழுத்து எடுத்து, மண்ணெண்ணெய்யில் கழுவி, பழைய சாரத் துண்டால் துடைத்து, கிறீஸ் பூசி, திருப்பித் திருப்பித் தள்ள வேண்டும். கீழே பல்லுச்சில்லின் வாயில் கம்பி போய் இருக்கும்போது கையில் ஒரு சின்னத் தட்டுப் படும். படாவிட்டால் இன்னும் இருக்கவில்லை என்று அர்த்தம்.

முதல் தடவை வள்ளத்து எஞ்சினுக்குப் போடுகிற கிறீஸை நுனி தொடக்கம் அடிமட்டும் அப்பி விட்டேன். கடலில் கிறீஸ் கூடினால் நல்லது என்று பழகின புத்தி. கம்பி சுற்றச் சுற்றக் கிறீஸ் மேலே ஏறி மீற்றருக்குள் போய், ஊசி ஒரு இடத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. வண்டி நின்ற பிறகும் இருபத்தைந்து காட்டியது. அவ இறங்கி நின்று பார்த்துவிட்டு, “நாங்கள் வந்திட்டம் எண்டு அதுக்கு ஆர் சொல்லுறது” என்று கேட்டா. மீற்றரைக் கழற்றித் துடைக்க வேண்டி வந்தது. கீழ்ப்பக்கத்துக்குத்தான் கிறீஸ், அதுவும் மெல்லிசாக. மேல் நுனியில் ஒரு சாண் காய்ந்தபடி விட வேண்டும். அதற்குப் பிறகு மறந்ததில்லை.

போன தவக்காலம் தொடங்க இரண்டு நாள் இருக்க ஊசி ஒரேயடியாகப் படுத்துவிட்டது. கேபிளில் பிழை இல்லை. கீழே உள்ள பல்லுச்சில்லு மணல் தின்று மொட்டையாகப் போயிருந்தது. டவுனில் நான் வழமையாக வண்டி காட்டுகிற கராச்காரர் ஒரு முஸ்லிம் ஆள். நான் அவரை நானா என்பேன், அவர் என்னை அண்ணன் என்பார். யார் மூத்தது என்று இரண்டு பேருக்கும் தெரியாது. அவர் தட்டுமுட்டுப் பெட்டிக்குள் கிண்டி, வேறொரு வண்டியின் பல்லுச்சில்லை எடுத்துப் போட்டார்.

“அண்ணன், இது ஒங்கட வண்டிச் சாமான் இல்ல. சும்மா ஊசி எழும்பி நிக்கட்டும் எண்டு போடுறன். கொறச்சுத்தான் காட்டும். அது முப்பது எண்டா நீங்க நாப்பதுக்குக் கிட்ட ஓடுறீங்க. கவனம்.”

“சரியான சாமான் எப்ப வரும் நானா?”

“இன்ஷா அல்லா ரெண்டு மூணு கிழமையில வரும். வந்தா கோல் பண்ணுறன்.”

விபூதிப் புதன் காலையில் இரண்டு பேரும் நெற்றியில் சாம்பலோடு மகளிடம் போனோம். அவவிடம் சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தேன். ஏறும்போது, “ஊசி எழும்பிற்றுதோ?” என்று கேட்டா. “எழும்பிற்றுது” என்றேன். அது உண்மை. பிறகு வண்டி எடுத்தேன். முப்பது என்று ஊசி பின்சீற்றுக்குச் சொன்னது. எஞ்சின் சத்தம் வேறு சொன்னது. என் காதுக்குத் தெரியும். ஆனால் அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது. மாதக்கணக்காக முப்பதில் உருண்டு, பஸ்ஸும் ஓட்டோவும் ஐஸ்பெட்டி கட்டின சைக்கிளும் முந்திப் போகப் பார்த்துக்கொண்டு இருந்தவன் நான். காற்று நெஞ்சில் பட, பனைகள் கொஞ்சம் கெதியாகப் பின்னால் போயின. பின்னால் இருந்து ‘டொக்’ வரவில்லை. ஊசி முப்பதுக்குக் கீழேதான் நின்றது.

மனம் குத்தாமல் இல்லை. வீட்டில் இருந்து மகளின் படலை மட்டும் பதினேழு கிலோமீற்றர் தூரம் காட்டுகிற மீற்றர் அன்று பதின்மூன்றுதான் காட்டியது. அதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, ஊசி முப்பதைத் தாண்டாது என்றுதானே வாக்குக் கொடுத்தேன், ஊசி தாண்டவில்லையே என்று என்னையே சமாதானப்படுத்தினேன். மகளிடம் வெள்ளனப் போய்ச் சேர்கிறோம், அதுவும் நல்லதுதானே என்று இன்னொரு காரணமும் தேடி வைத்தேன். பொய்க்கு ஒரு கால் போதாது, எத்தனை கால் என்றாலும் நாங்களே செய்து கொடுப்போம்.

மூன்றாம் கிழமை நானா கோல் பண்ணினார். சாமான் வந்துவிட்டது, வாங்கோ என்றார். வாறன் என்றேன். கடையில் ஆள் இல்லை என்று ஒரு நாள், காற்று என்று ஒரு நாள். புதனும் சனியும் அவருடைய கராச்சைத் தாண்டித்தான் போவேன். அந்த இடம் வர மற்றப் பக்கம் பார்ப்பேன்.

அந்த நாட்களில் ஒரு புதுப் பழக்கத்தைக் கண்டேன். மகளின் படலையில் இறங்கியதும் முந்தி உடனே உள்ளே போகிறவ, இப்போது ஹெல்மெற்றைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டு, வேலியோரம் நின்று வாய்க்குள் செபம் சொல்லுவா. ஐந்து நிமிசம், ஆறு நிமிசம். சொல்லி முடித்து, சிலுவை அடையாளம் போட்டுத்தான் உள்ளே போவா. பிள்ளைக்காகக் கூடுதலாகச் செபிக்கிறா என்று நினைத்து என் மனம் உருகியது. பையைத் தூக்கிக்கொண்டு நானும் பக்கத்தில் சத்தம் போடாமல் நிற்பேன்.

பெரிய கிழமை புதன் வந்தது. தாராபுரத்துக்கு இங்காலே ஒரு வளைவில் இரண்டு ஆடு குறுக்கே பாய்ந்தன. பிரேக் பிடித்தேன். பின்சில்லு மணலில் ஒரு பக்கமாக வழுக்கி, பிறகு ஆண்டவர் கிருபையால் நிமிர்ந்தது. விழவில்லை. அவவுடைய ஹெல்மெற் என் ஹெல்மெற்றில் ‘டொக்’ என்று அல்ல, இடித்தது. நான் உணர்ந்தது அதை அல்ல. தகடு வைத்த இடது கை, ஒரு தேங்காயைக்கூட இறுக்கிப் பிடிக்க ஏலாத அந்தக் கை, என் சட்டையைப் பிடித்திருந்த பிடியை.

பிறகு பின்னால் இருந்து கேட்டா.

“பிரேக் பிடிக்கேக்க ஊசி இருபத்தெட்டில நிண்டது. இருபத்தெட்டிலயே இப்பிடி வழுக்குமோ?”

“மணல்” என்றேன்.

“ஓம், மணல்” என்றா.

அன்று பின்னேரம் கோயிலில் பாவசங்கீர்த்தனம். உயிர்ப்புத் திருநாளுக்கு முதல் ஊரே வரிசையில் நிற்கும். நானும் நின்று முழங்காலில் இருந்தேன். மற்றப் பாவங்களைச் சொல்லி, கடைசியில் மீற்றரையும் சொன்னேன். பங்குச் சுவாமிக்குப் பல்லுச்சில்லில் இருந்து விளங்கப்படுத்த வேண்டி இருந்தது. பொறுமையாகக் கேட்டார்.

“அப்ப ஊசி முப்பதைத் தாண்டேல்லை.”

“இல்லை சுவாமி. ஒரு நாளும் தாண்டேல்லை.”

“உம்மட மனிசிக்கு ஊசிக்கோ பயம், வேகத்துக்கோ?”

நான் முழங்காலை மாற்றி வைத்தேன்.

“பின்சீற்றில இருக்கிறது நான் இல்லை” என்றார் சுவாமி. “அவவிட்டச் சொல்லும். அதுதான் உமக்குத் தண்டனைச் செபம்.”

ஐம்பத்துமூன்று மணிச் செபமாலையை முழங்காலில் இருந்து சொல்லச் சொல்லியிருந்தால் எவ்வளவு சுகம். சொன்னால் அவ இனி ஏற மாட்டா. ஏறாவிட்டால் அந்தக் கையோடு பஸ். மகளுக்குப் பிள்ளை பிறக்க இன்னும் மூன்று நாலு கிழமை இருக்கிறது. இரவு நித்திரை வரவில்லை என்று எழுதினால் அது பொய். நித்திரை வந்தது, கனவில் கழுதை வந்தது.

பெரிய வியாழன் காலை அவ குசினிக்கு வெளியே கணவாய் துப்புரவாக்கிக்கொண்டு இருந்தா. விரலெல்லாம் மை. கையில் கத்தி. நான் ஒரு கதிரையைப் போட்டுக் கொஞ்சம் தள்ளி இருந்தேன்.

“உம்மட்ட ஒண்டு சொல்லவேணும்.”

“சொல்லுங்கோ.”

பல்லுச்சில்லையும் சொன்னேன், நானா சொன்ன கவனத்தையும் சொன்னேன், சாமான் வந்தும் நான் போகாமல் விட்டதையும் சொன்னேன். அவ நிமிரவில்லை. கணவாயின் ஓட்டை இழுத்து எடுத்து ஒரு பக்கம் வைத்தா.

“எத்தினை நாளா?”

“ஒரு ஆறு கிழமை.”

“ஏழு புதன், ஆறு சனி.”

எனக்கு விளங்க ஒரு நிமிசம் எடுத்தது.

“உமக்குத் தெரியுமோ?”

“விபூதிப் புதனே தெரியும். வீட்டில இருந்து மகளிட்ட போய்ச் சேர செபமாலையின்ர அஞ்சு தேவரகசியமும், பிறகு ஒரு மாதா பிரார்த்தனையும். மூண்டாம் ரகசியம் முடிய தோட்டவெளி. தாராபுரத்தில பிரார்த்தனை தொடங்குவன். கடைசி வேண்டுதல் சொல்ல மகளிட படலை வரும். எப்பவும் அப்பிடித்தான். அண்டைக்கு தாராபுரம் வரேக்க நான் அஞ்சாம் ரகசியத்தின்ர நடுவில நிக்கிறன். மாதா வேகமாப் போகமாட்டா. அப்ப ஆர் போனது?”

வேலியோரம் நின்று அவ சொன்ன செபம் எது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. என் வேகத்தால் றோட்டில் மிஞ்சிப் போன பிரார்த்தனை. அதற்குப் பக்கத்தில்தான் நான் பையோடு பக்தியாக நின்றிருக்கிறேன்.

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“நீங்கள் சொல்லுவீங்கள் எண்டு பாத்தனான். ஒவ்வொரு புதனும் பாத்தனான். பெரிய வெள்ளிக்கு முதல் சொல்லவேணும் எண்டு மாதாட்டக் கேட்டு வைச்சனான்.” கத்தியைத் தண்ணீரில் அலசினா. “ஒரு நாள் முந்திச் சொல்லிப்போட்டீங்கள். அதுவும் வேகம்தான்.”

சிரிக்கலாமா என்று பார்த்தேன். அவ சிரிக்கவில்லை.

“தெரிஞ்சும் ஏன் ஏறினனீர்?”

“பிள்ளையிட்டப் போகவேணும்தானே” என்றா. “இனி நான் பஸ்ஸில போறன்.”

சனிக்கிழமை பஸ்ஸில் போனா. பையை மட்டும் என்னிடம் தந்தா. “கத்தரிக்காய்க்கு வேகம் தெரியாது, நீங்கள் கொண்டு வாங்கோ.” நான் பஸ்ஸுக்குப் பின்னாலே வண்டியில் போனேன். திருநாள் நெருக்கம், ஆட்கள் கதவுமட்டும் நின்றார்கள். பின்கண்ணாடிக்குள்ளால் அவ நிற்கிறது தெரிந்தது. வலது கையால் மேல் கம்பியைப் பிடித்து, இடது கையை நெஞ்சோடு அணைத்து வைத்திருந்தா. வளைவுகளில் ஆட்கள் சாய, அந்தக் கையைக் காப்பாற்ற உடம்பைத் திருப்பினா. பதினேழு கிலோமீற்றரும் அதைப் பார்த்துக்கொண்டு போனேன். செபமாலை உருட்ட அவவுக்குக் கை இருக்கவில்லை.

பையைக் கொடுத்துவிட்டு நேரே கராச்சுக்குப் போனேன். நானா என்னைக் கண்டதும் பெட்டியைத் திறந்தார்.

“இது மூணு கிழமையா ஒங்களப் பாத்துக்கிட்டுக் கெடக்கு. நீங்க தெனம் அங்கிட்டுத் திரும்பிக்கிட்டுப் போறீங்க. கழுத்துல சுளுக்கோ எண்டு நெனச்சன்.”

திருநாள் முடிந்து திங்கட்கிழமை கடை பூட்டு. முருங்கைக்குக் கீழே பல்லுச்சில்லை நானே மாற்றினேன். மாற்றினால் கேபிளையும் பார்க்க வேண்டும். உள்கம்பியை இழுத்து, கழுவி, கண்ணாடியைப் போட்டு நுனி தொடக்கம் அடி மட்டும் பார்த்தேன். சுத்தம். ஒரு பிழையும் இல்லை. துணியில் வைத்துவிட்டுக் கிறீஸ் டின்னைத் திறக்க, அவ வந்து எதிரே ஒரு பலகையைப் போட்டு இருந்தா. நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் எழும்பிப் போய்விடுவாவோ என்று பயம்.

கம்பியை எடுத்து, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் பிடித்து, மெல்ல மெல்ல நகர்த்தினா. கண்ணை வேறு எங்கோ வைத்துக்கொண்டு, விரலை மட்டும் நம்பி. அந்த விரல்கள் எத்தனை ஆயிரம் மணிகளை அப்படி நகர்த்தியிருக்கும். பாதிக்குக் கிட்ட வந்து நின்றா.

“இதில ஒண்டு குத்துது.”

“நான் பாத்தனான். ஒண்டுமில்லை.”

“கண்ணால பாத்தனீங்கள்.”

வாங்கித் தடவிப் பார்த்தேன். முறுக்கில் ஒரு மயிரளவு கம்பி அறுந்து வெளியே நின்றது. இன்னும் ஒரு மாதத்தில் முழுதாக அறுந்திருக்கும்.

“இதை வைச்சோ என்னை ஏத்தப் பாத்தனீங்கள்” என்றா.

அந்தக் கேள்வியில் ஒரு கதவு திறந்திருந்தது. நான் சத்தம் காட்டாமல் அதற்குள்ளால் போனேன். அடுத்த நாளே டவுனுக்குப் போய்ப் புதுக் கேபிள் வாங்கி வந்தேன். உள்கம்பியை எடுத்து அவவுடைய கையில் கொடுத்தேன். நுனியில் இருந்து அடி மட்டும் தடவிப் பார்த்து, சரி என்றா. கிறீஸ் பூசுகிற வேலையையும் அவவே எடுத்தா.

“மேல ஒரு சாண் விடவேணும்” என்றேன்.

“ஆரின்ர சாண்? உங்கடயோ என்ரயோ?”

“உம்மட சாண் காணும்.”

வைத்து அளந்தா. இடது கையால்தான் அளந்தா. அந்தக் கை முழுதாக விரியாது, அதனால் சாண் கொஞ்சம் சிறிது. நான் திருத்தவில்லை. கேபிளை மாட்டி, முன்சில்லைத் தூக்கிப் பிடித்துக் கையால் சுற்றினேன். ஊசி நடுங்காமல் எழும்பி, நடுங்காமல் படுத்தது.

புதன்கிழமை ஹெல்மெற்றைப் போட்டுக்கொண்டு வந்து வண்டிக்குப் பக்கத்தில் நின்றா. ஏறவில்லை.

“ஊசி எழும்பிற்றுதோ?” என்று கேட்டா. விபூதிப் புதன் கேட்ட அதே கேள்வி.

“எழும்பிற்றுது. சரியாச் சொல்லுது. நானும் சரியா ஓடுவன்.”

ஏறினா. அன்றைக்கு மூன்று தடவை ‘டொக்’ வந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்க எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்று அவவுக்குச் சொல்லவில்லை. மூன்றாம் ரகசியம் முடியத் தோட்டவெளி வந்ததா என்று எனக்குத் தெரியாது. மகளின் படலையில் வண்டியை நிற்பாட்ட, அவ இறங்கி, சிலுவை அடையாளம் போட்டு, வேலியோரம் நிற்காமல் நேரே உள்ளே போனா.

அதற்குப் பிறகு மூன்றாம் கிழமை, ஒரு வெள்ளி காலை பத்து மணி இருக்கும், மருமகன் கோல் எடுத்தார். மகளுக்கு நோ தொடங்கிவிட்டது, ஆசுப்பத்திரிக்குக் கொண்டு வந்துவிட்டேன் மாமா, மாமியைக் கூட்டிக்கொண்டு வாங்கோ என்றார். கடைக்கதவை இழுத்துவிட்டு ஓடி வந்தேன். அவ எப்போதோ கட்டி வைத்திருந்த துணிப்பையோடு படலையில் நின்றா. ஏறி இருந்து என் சட்டையைப் பிடித்தா.

நான் கைப்பிடியை முறுக்கினேன். நாற்பது, ஐம்பது என்று போக என் உடம்பு முழுதும் சொன்னது. இன்றைக்கு அவவே ஒன்றும் சொல்ல மாட்டா, முதுகில் ஒரு தட்டுத் தட்டி ஓடுங்கோ என்பா என்று நினைத்தேன். கண்ணாடியில் பார்த்தேன். கண்ணை மூடியிருந்தா. வாய் மட்டும் அசைந்தது. ஊசியை அவ பார்க்கவே இல்லை.

எனக்கு வாழ்நாளில் முதல்தரம் ஓடிக்கொண்டே குனிந்து ஊசியைப் பார்க்கத் தோன்றியது. முப்பத்தாறு. கையைத் தளர்த்தினேன். முப்பதுக்கு வந்தது. அங்கே பிடித்தேன்.

அந்த றோட்டு அவ்வளவு நீளமாக எனக்கு ஒரு நாளும் இருந்ததில்லை. பஸ் முந்தியது. ஐஸ்பெட்டிச் சைக்கிள்காரன் முந்திப் போய்த் திரும்பிப் பார்த்தான். தோட்டவெளியில் நாலு கழுதைகள் றோட்டோரம் நின்றன. ஒன்றுகூட ஏறவில்லை. என் மகள் அங்கே நோவோடு கிடக்கிறாள், நான் இங்கே முப்பதில் போகிறேன். ஆண்டவரே, அவளைப் பாரும், நான் ஊசியைப் பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டே போனேன். எனக்குத் தெரிந்த செபம் அன்றைக்கு அவ்வளவுதான். ஒரு ‘டொக்’ கூடப் பின்னால் இருந்து வரவில்லை.

ஆசுப்பத்திரி வாசலில் நிற்பாட்டினேன். அவ கண்ணைத் திறந்து, கடைசிச் சொல்லைச் சொல்லி, சிலுவை அடையாளம் போட்டு இறங்கினா. ஹெல்மெற்றைக் கழற்றி என் கையில் தந்தா.

“பிரார்த்தனை முடிஞ்சுதோ?” என்று கேட்டேன்.

“வாசலுக்கு வர முடிஞ்சுது.” முந்தானையால் முகத்தைத் துடைத்தா. உள்ளே போக இரண்டடி வைத்துவிட்டுத் திரும்பினா. “மனிசன், இண்டைக்கெண்டாலும் கொஞ்சம் கெதியா ஓடியிருக்கலாம்.”

“ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே.”

“செபத்துக்க கதைக்கிறேல்லை” என்று சொல்லிக்கொண்டு போய்விட்டா.

பிள்ளை ஒன்றும் அவசரப்படவில்லை. பின்னேரம் மூன்று மணிக்குத்தான் வந்தாள்.